தெரிந்த ஆளைத் தெரிந்தவர்

அன்று பின்னேரம் கொக்குவில் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அண்ணை, அவருடைய மனைவி, மனைவியின் தகப்பனார், நாலு வயது மகள், நான். இல்லாதவர் ஒருவர்தான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ரியூட்டறி, அதாவது தனியார் வகுப்பு, நடத்திய மாஸ்ரர். அந்த ஒருவருக்காக மற்ற எல்லோரும் முழுகி, தோய்த்த உடுப்புப் போட்டு, கதிரைகளைத் துடைத்து வைத்துவிட்டு, ஒழுங்கையில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் எழும்பி எழும்பி இருந்துகொண்டிருந்தோம்.

மாஸ்ரர் வந்து பார்த்து ஓம் என்றால் அந்த வீட்டிலேயே கணினி வகுப்புத் தொடங்கும். அண்ணை ஊரோடு நிற்பார். இல்லை என்றால் அடுத்த மாதம் பஹ்ரேனுக்குத் திரும்ப வேண்டியதுதான். கொம்பனி கொடுத்த லீவு முடிகிறது. மகள் பிறந்தபோது அவர் அங்கே. லீவில் வந்து இறங்கிய அன்று பிள்ளை அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டதாம். அதை ‘அப்பா’ என்று மாற்றவே கன நாள் எடுத்ததாம். இனியும் போனால்? அக்கா, அதாவது அவருடைய மனைவி, அந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மாஸ்ரருக்கென்று சுட்ட பருத்தித்துறை வடையைத்தான் தட்டு மாற்றித் தட்டு மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணை எனக்குச் சொந்தமில்லை. வயதில் மூத்தவர், அதனால் அண்ணை. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயர் பட்ட பாட்டைப் போகப் போகச் சொல்கிறேன். முதலில் அவருடைய குணத்தைச் சொல்லவேண்டும். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

“எனக்குத் தெரியாது தம்பி. ஆனா ஆருக்குத் தெரியும் எண்டு தெரியும்.”

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வெட்கம் இருக்காது. புதையல் இருக்கிற இடத்தைச் சொல்கிறவர் போல ஒரு பூரிப்பு இருக்கும். எனக்கு அது பெரிய அதிசயம். கொழும்புத்துறையில் எங்கள் குடும்பத்தில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். அப்பு, என் தகப்பனார், கடலுக்குப் போகிறவர். கையெழுத்து வைக்கப் பழகியதே நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான். ஆகவே வீட்டில் எனக்கு எல்லாம் தெரியும் என்று முடிவாகிவிட்டிருந்தது. மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, றேடியோவில் என்ன சொல்கிறான், நாளைக்குக் காற்று எந்தப் பக்கம், எல்லாம் என்னிடம்தான். ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் வராது. வந்தால் படிப்பித்த காசு வீணாகிவிடும் என்று ஒரு பயம். இந்த மனுசனோ அதைத் தேத்தண்ணி குடிப்பது போலச் சொல்கிறார்!

ஒருநாள் சந்தியில் நானும் அவரும் நிற்கிறோம். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வட்டுக்கோட்டைக்குப் போக வழி கேட்டார். எனக்கு வழி தெரியும். நான் வாயைத் திறக்க முன்னமே அண்ணை முந்திவிட்டார்.

“உதாலை நேரை போங்கோ. ஒரு சைக்கிள் கடை வரும். அங்கை கேளுங்கோ.”

“உங்களுக்கு வழி தெரியாதோ?”

“அரைகுறையாத் தெரியும். சைக்கிள் கடைக்காரர் வட்டுக்கோட்டையிலை கலியாணம் முடிச்ச ஆள். எந்த ஒழுங்கையிலை வெள்ளம் நிக்குது, எந்த மதகு உடைஞ்சு கிடக்குது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். மாமியார் வீட்டை கிழமைக்குக் கிழமை போறவரெல்லே.”

ஸ்கூட்டர்காரர் சிரித்துக்கொண்டு போனார். எனக்குச் சரியான கோபம். “நானே சொல்லியிருப்பன் அண்ணை” என்றேன். “சொல்லியிருப்பீர். உம்மடை வழி போன வரியத்து வழி” என்றார். போன வருடம் வரை இந்திய ஆமியின் சென்றிக் காவலுக்காக அடைபட்டிருந்த பாதைகளெல்லாம் அந்த மாதங்களில்தான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. அவர் சொன்னது சரி.

அந்த மாதங்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். ஆமி கப்பலேறிப் போய்விட்டது. கரண்ட் இருந்தது. ரெயில் ஓடியது. பட்டினத்தில் கடைகள் விளக்குப் போட்டுக்கொண்டு பொழுதுபட்ட பிறகும் திறந்திருந்தன. இனி எல்லாம் நடக்கும் என்று எல்லோருக்கும் கால் நிலத்தில் படாத காலம். திரும்பவும் சண்டை மூண்டு கரண்டும் போன பிறகு, இன்றைக்கு நான் இதை எழுதுவது போத்தல் விளக்கு வெளிச்சத்தில். அந்தக் கணினிகள் எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆருக்குத் தெரியும் என்பது தெரியும்; அதை அவரிடம்தான் பழகினேன்.

அவரை நான் தேடிப் போன நாள் நல்ல ஞாபகம். கொக்குவிலில் ஒரு வீட்டில் மூன்று கணினி நிற்கிறதாம் என்று கேள்விப்பட்டு, கொழும்புத்துறையிலிருந்து எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் போனேன். படலையில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இஞ்சை கொம்பியூட்டர் படிப்பிக்கிறியளாம்?”

“ஆர் சொன்னது?”

“சந்தியிலை சலூன்காரர்.”

“அவருக்கு ஆர் சொன்னதாம்?”

“தெரியாது.”

“அதையெல்லே முதல் கேக்கோணும்!” என்று சிரித்துப் படலையைத் திறந்தார். “படிப்பிக்க எனக்குத் தெரியாது தம்பி. நான் அங்கை ஏசி திருத்துற ஆள். கொம்பனி இதுகளைக் கழிச்சு எறியப் போச்சுது. கேட்டன், தந்தாங்கள். வாரும், இருந்து பாப்பம். இங்கிலீசு வாசிப்பீர்தானே?”

“ஓம்” என்றேன்.

“பிறகென்ன! நீர் வாசியும், நான் கழட்டுறன்.”

அப்படித் தொடங்கியது. மூன்று பெட்டிகளும் மூன்று அறையில் நின்றன. முன்னறையில் ஒன்று, நடு அறையில் ஒன்று, பின்னறையில் பிறின்ரரோடு ஒன்று. மூன்றையும் ஒரு வயரால் தொடுத்தால் ஒன்றோடு ஒன்று கதைக்கும் என்று அவரோடு வேலை செய்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். தொடுக்க வேண்டுமென்றால் சுவரைத் துளைக்கவேண்டும். வீடோ சீதன வீடு. அக்காவின் தகப்பனார் முந்தி ஓவசியராக இருந்தவர், தானே நின்று கட்டுவித்தது. மகளுக்குக் கொடுத்த வீட்டில் மருமகன் ஓட்டை போடுவதா? அக்காவுக்கு நெஞ்சிடி. “ஐயா சன்னதம் ஆடப்போறார்” என்று என்னிடம் சொன்னார்.

அண்ணை துளைக்கிற மெசினைக் கொண்டுபோய் ஐயாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மாமா, எந்த இடத்திலை துளைச்சால் சுவருக்கு நோகாது எண்டு எனக்குத் தெரியாது. கட்டின ஆள் நீங்கள்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஏசுவதற்கு எடுத்த மூச்சு வேறு பக்கம் போய்விட்டது. “உந்தப் பக்கம் தொடாதையும், அதிலை கல்லுப் பெரிசு” என்றபடி எழும்பினார். பிறகு சோக்குக் கட்டியால் சுவரில் புள்ளி போட்டுக் காட்டியதும் அவர்தான், “இன்னும் கொஞ்சம் பதிவாக் கீழை பிடியும்” என்று கத்தியதும் அவர்தான், நான் துளைத்தது கோணல் என்று என்னிடமிருந்து மெசினைப் பறித்ததும் அவர்தான்.

வயர் போட்டாகிவிட்டது. இனித்தான் பெரிய பிரச்சினை. இந்தப் பெட்டிகளுக்கு மனுசரைப் போலப் பெயர் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்து நாலு துண்டாக்கிய ஒரு நீள இலக்கம். முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரு கடுதாசி அச்சடிக்க அனுப்ப வேண்டுமென்றால் பின்னறையின் இலக்கத்தைத் தட்டவேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தால் கடுதாசி போக இடமில்லாமல் நிற்கும். பெயர் வைக்கலாம் என்று நான் புத்தகத்தில் வாசித்தேன். இன்ன பெயருக்கு இன்ன இலக்கம் என்று ஒவ்வொரு பெட்டியிலும் எழுதி வைத்தால் பெயரைத் தட்டினாலே போதும். எழுதினோம். ஆனால் ஒன்றில் மாற்றினால் மற்ற இரண்டிலும் ஓடிப்போய் மாற்றவேண்டும். நான் முன்னறையில் மாற்றுவேன், அவர் பின்னறையில் வேறு மாதிரி மாற்றுவார். ஒரு நாள் மூன்று பெட்டியும் மூன்று கதை சொல்லின.

அண்ணை விறாந்தையில் போய்க் குந்திவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் படலையில் மணி அடித்தார். கடிதத்தை வாங்கிய அண்ணை அப்படியே நின்றார்.

“தம்பி! இந்த ஒழுங்கையிலை எங்கடை வீட்டு நம்பர் என்ன?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது! ஆனா கடிதம் வருகுது. ஏன்? இந்தாளுக்குத் தெரியும். இந்த ஒராளுக்குத் தெரிஞ்சால் காணும்!”

தபால்காரர் பயந்துபோய், “ஏன், ஏதும் கடிதம் மாறிப் போச்சோ?” என்றார். அண்ணை அவரைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தார்.

எல்லாப் பெட்டியும் எல்லாவற்றையும் அறிந்திருக்கத் தேவையில்லை. ஒரு பெட்டி அறிந்திருக்கட்டும். மற்றவை அறியவேண்டியது ஒன்றே ஒன்று: ஆரைக் கேட்பது? அதற்கு நேம் சேர்வர் என்று பெயர் என்பதும், அதற்கென்று தனி மென்பொருள் இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அதுவும் அவருடைய வழக்கப்படிதான் தெரியவந்தது. பஹ்ரேன் சிநேகிதருக்கு எழுதினார். அவர் தனக்குத் தெரியாது, சென்னையில் இன்ன ஆளைக் கேள் என்றார். சென்னை ஆள் தன்னிடம் இருக்கிறது, ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வழி தெரியாது என்றார். வழி தெரிந்தவர் வல்வெட்டித்துறையில் இருந்தார். அக்கரையிலிருந்து சாமானோடு சாமானாக, பால்மா ரின்னுக்குள் பொலித்தீன் சுற்றி, நாலு டிஸ்க் வந்து சேர்ந்தது. உப்புத்தண்ணி ஒரு துளி படவில்லை. அந்த ரின்னை அண்ணை இரண்டு கையாலும் பிறந்த பிள்ளையை வாங்குவது போல வாங்கினார்.

நடு அறைப் பெட்டியைத் தபால்காரர் ஆக்கினோம். அதற்குப் பெயரே ‘தபால்’. முன்னறைப் பெட்டிக்கு மகளின் வீட்டுப் பெயர், ‘குட்டி’. பின்னறைப் பெட்டி பிறின்ரரோடு சேர்ந்து காட்டுக் கத்தல் கத்தும். அதற்கு என்ன பெயர் என்று அண்ணை மாமனாரைக் கேட்டார். “குறட்டையிலை உம்மைப் போலத்தான் கிடக்குது. உம்மடை பேரையே வையும்” என்றார் ஐயா. வைத்துவிட்டோம். பிறகு குட்டியிலும் பின்னறைப் பெட்டியிலும் ஒரே ஒரு வரி எழுதினோம்: பெயர் தெரியாவிட்டால் நடு அறையைக் கேள்.

முதல் முறையாக முன்னறையிலிருந்து பெயரைத் தட்டி, பதில் வந்த கணத்தை எப்படி எழுதுவது! இன்ன பெட்டி உயிரோடு இருக்கிறது என்று திரையில் ஒரு வரி. பிறகு இன்னொரு வரி. பிறகு இன்னொன்று, மழை பிடித்தது போல. அண்ணை மூன்று அறையும் ஓடினார். குசினிக்குள் போய் அக்காவை இழுத்து வந்தார், கையில் அகப்பையோடு. “கேட்டுது! அவரைக் கேட்டுது! அவர் சொன்னவர்!” என்று குதித்தார். “ஆர் ஆரைக் கேட்டது?” என்றார் அக்கா. ஐயா மட்டும் கதிரையிலிருந்தபடியே ஒரு கேள்வி போட்டார்.

“தபால்காரர் லீவிலை நிண்டால்?”

அண்ணை குதிப்பதை நிறுத்தினார். “மெய்தான் மாமா. பதில் ஆள் வேணும்.” அன்றைக்கே பின்னறைப் பெட்டியையும் பதில் தபால்காரர் ஆக்கினார். நடு அறை படுத்தால் பின்னறையைக் கேள். முன்னறைப் பெட்டியில் இரண்டாவது வரி.

அக்கா முந்தி ரைப்பிங் படித்தவர். விரல் பறக்கும். வகுப்புத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு ரைப்பிங் காட்டுவது அவர்தான் என்று பேச்சு. மாஸ்ரர் வர முன்னம் ஒரு நாள் அவரைக் குட்டிக்கு முன்னால் இருத்தி, “கடுதாசியைப் பின்னறைக்கு அனுப்புங்கோ அக்கா. பேரைத் தட்டினால் சரி” என்றேன்.

விரல் பறக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வேறை ஏதும் தட்டுறனே தம்பி.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் அம்மாவும் அப்படித்தான். அப்புவின் பெயரை ஆசுப்பத்திரியில் டொக்டர் கேட்டபோதுகூட என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். ஆனால் தட்டுவதற்கும் அதே தடைதான் என்று அண்ணைக்கு விளங்கவில்லை. எட்டு வருடம் வெளியில் இருந்த மனுசன்.

“தட்டுமன். தட்டுறதுக்கும் சொல்லுறதுக்கும் வித்தியாசம் இருக்கெல்லே?”

“விரலுக்கும் வாய்க்கும் ஒராள்தானே சொந்தக்காரி” என்றார் அக்கா, தலையைக் குனிந்துகொண்டு.

“அப்ப நம்பரைத் தட்டுங்கோ” என்றேன் நான். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை! நம்பர் என்பது அவருக்குத் தோல்வி. அதோடு வகுப்பைப் பற்றிப் பட்டினத்தில் போய்க் கதைத்த முதல் நாளே மாஸ்ரர் சொல்லியிருந்தார்: “என்ரை பெடியள் பாடமாக்கிப் பாடமாக்கிச் செத்துப்போறாங்கள். இன்னொரு நம்பர் பாடமாக்கேலாது. பேர் சொன்னால் வேலை நடக்கோணும்.”

அண்ணை அக்காவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். தன் வழக்கப்படி கேட்டார்.

“எனக்குத் தெரியேல்லை. நீர்தான் சொல்லோணும். என்னை என்னெண்டு கூப்பிடுறனீர்?”

“கூப்பிடுறதோ? இஞ்சருங்கோ எண்டுதான்.”

“ஆ!” அண்ணை எழும்பிய வேகத்தில் கதிரை சரிந்தது. “தம்பி, ஒரு பெட்டிக்கு ரெண்டு பேர் வைக்கலாம் எண்டு நீர்தானே வாசிச்சனீர்?”

நான்தான் வாசித்தேன். இன்ன பெயர் என்று கேட்டால் அது உண்மையில் இன்ன பெயர்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பழைய பெயரை ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். “சீ, பழைய பேரைக் கேட்டு வாறவன் தெருவிலை நிக்கப்படாது” என்றார். நடு அறைக்கு ஓடினார். ஆங்கில எழுத்தில் ‘இஞ்சருங்கோ’ என்று அவரே தட்டினார். திரும்பி ஓடி வந்தார். அக்கா தட்டினார். பின்னறையில் பிறின்ரர் கத்தியது! அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று முழுக்க அந்த வீட்டில் வேலை ஓடவில்லை. அக்கா இஞ்சருங்கோ என்று கூப்பிடும்போதெல்லாம் அண்ணை, “ஆரை, என்னையோ பெட்டியையோ?” என்று கேட்பார். “ரெண்டும் ஒண்டுதான், ரெண்டும் சொன்னதைக் கேக்காது” என்பார் அக்கா.

நாங்கள் காத்திருந்த அந்தப் பின்னேரம், கடைசியில் ஒரு சைக்கிள் மணி எங்கள் படலையில் நின்றது. மாஸ்ரர் வந்துவிட்டார். பெரிய உடம்பு, வெள்ளை லோங்ஸ் காற்சட்டை, கையில் குடை. வடையை எடுக்கவில்லை. அண்ணையிடம் நேரே விசயத்துக்கு வந்தார்.

“இந்தாரும் தம்பி, இதிலை ஒரு பௌதிகக் கேள்வி இருக்கு. இதை இஞ்சை தட்டி அங்கை எடுக்கோணும். நீர் தட்டாதையும். இந்தப் பெடியனும் வேண்டாம். பிள்ளை தட்டட்டும்.” அக்காவைக் காட்டினார். “நீர் செய்தால் அது வெளிநாட்டு வித்தை. பிள்ளை செய்தால் என்ரை பெடியளும் செய்வாங்கள்.”

அண்ணையின் முகம் மலர்ந்தது. இதற்குத்தானே ஆயத்தம்! அக்கா இருந்தார். விரல் பறந்தது. கேள்வி முழுவதும் ஒரு பிழையில்லாமல் திரையில் ஏறியது. மாஸ்ரர் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்த நேரம் பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கிற மோட்டரைப் போட்டார்கள். லைற் ஒருக்கால் மங்கிப் பழையபடி எரிந்தது. முன்னறைப் பெட்டி தாங்கியது. நடு அறையிலிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம். தபால்காரர் விழுந்துவிட்டார். எழும்பித் தன் உடம்பைத் தடவிப் பார்த்து வேலைக்கு வர அவருக்கு நல்லாய் நேரம் எடுக்கும்.

அக்காவுக்கு அது தெரியாது. ‘இஞ்சருங்கோ’ என்று தட்டி அனுப்பினார். திரை யோசித்தது. பிறகு ஒரு வரி வந்தது. அப்படி ஒரு பெயர் இல்லை.

அண்ணை பின்னறைப் பக்கம் காலை எடுத்து வைத்தார்.

“நில்லும்!” என்றார் மாஸ்ரர். “ஒருத்தரும் அசையப்படாது. ஏன் இல்லையெண்டுது?”

வேறு ஆள் என்றால் ஏதாவது பெரிய இங்கிலீசுச் சொல் சொல்லிச் சமாளித்திருப்பார். நான் என்றால் கட்டாயம் சமாளித்திருப்பேன். அண்ணை உள்ளதைச் சொன்னார்.

“நடு அறை ஆள் விழுந்திட்டார், மாஸ்ரர். பதில் ஆளைத்தான் கேட்டது. புதுப் பேர் வைச்ச சந்தோசத்திலை பதில் ஆளுக்குச் சொல்ல நான் மறந்திட்டன். அவருக்குப் பழைய பேர்தான் தெரியும்.”

“அப்ப பழைய பேரைத் தட்டச் சொல்லும். அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். ஒரு பெயர். அக்காவின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே நின்றன. ஐயா தொண்டையைச் செருமினார். ஒரு பக்கத்தில் பஹ்ரேன், மறு பக்கத்தில் கலியாண நாளிலிருந்து வாயில் வராத ஒரு பெயர். நான் மனதுக்குள், தட்டுங்கோ அக்கா, தட்டுங்கோ, என்று மன்றாடினேன். அவருடைய ஒரு விரல் முதல் எழுத்துவரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

அக்கா எழும்பினார். கதிரையைப் பின்னால் இழுத்து, முந்தானையால் ஒருக்கால் தட்டிவிட்டார்.

“மாஸ்ரர், உந்தப் பேரை எனக்குத் தட்டேலாது. உங்களாலை தட்ட ஏலும். நீங்கள் இருங்கோ.”

மாஸ்ரர் விழித்தார். அக்காவைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கத் தொடங்கியது.

“அட, இதுவோ சங்கதி! எடி பிள்ளை, என்ரை மனுசியும் இத்தனை வரியமா என்னை மாஸ்ரர் எண்டுதானே கூப்பிடுறா! அவவுக்கு நான் என்னத்தைப் படிப்பிச்சன்?”

குடையை என்னிடம் தந்துவிட்டு இருந்தார். கதிரை முனகியது. வாழ்நாளில் முதல் முறையாகக் கணினியில் கை வைக்கிறார். ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி. ஐயாவுக்கு மருமகனின் பெயரைச் சொல்லத் தடையில்லை அல்லவா, அவர் பக்கத்தில் நின்று ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னார். “உது இல்லை, மற்ற வரிசை! மற்ற வரிசை!” கடைசி எழுத்தும் முடிந்தது. “இனி?” என்றார் மாஸ்ரர். “உந்தப் பெரிய கட்டையை அமத்துங்கோ” என்றார் அக்கா.

அமத்தினார்.

ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்னறையிலிருந்து அந்தக் காட்டுக் கத்தல்! சின்னப் பிள்ளை ஓடியது. இரண்டு கரையிலும் ஓட்டை ஓட்டையாக இருக்கிற அந்தக் கடுதாசியை வால் போல இழுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து, “அப்பா, அப்பா, வந்திட்டுது!” என்று அண்ணையிடம் நீட்டியது. மாஸ்ரர் பறித்தார். தன் கேள்வியை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“நான் தட்டினது” என்றார். “நான் தட்டினதெல்லே! இன்னொருக்கால் தட்டட்டோ?”

இன்னொருக்கால் தட்டினார். அதற்குப் பிறகும் தட்டினார். வடை முழுவதும் முடிந்தது. போகும்போது படலையில் நின்று சொன்னார்: “கிழமை பிறக்கப் பெடியளை அனுப்புறன். என்னாலை ஏலுமெண்டால் அவங்களுக்கு என்ன கஷ்டம்? ஆனா முதல் வேலையா அந்தப் பதில் ஆளுக்குப் புதுப் பேரைச் சொல்லி வையும்.”

“இப்பவே சொல்லுறன்” என்றார் அண்ணை. பிறகு, “மாஸ்ரர், வகுப்பிலை என்ன படிப்பிக்கிறதெண்டு எனக்குத் தெரியாது. ஆரைக் கேக்கலாம்?” என்றார். மாஸ்ரர் சைக்கிளில் ஏறப்போனவர் இறங்கிவிட்டார். அதைப் பற்றி அவர் படலையில் நின்று கதைத்து முடிக்க இருட்டிவிட்டது.

அக்கா உள்ளே போய்க் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதது எனக்குக் கேட்டது. அண்ணைக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் நடு அறைப் பெட்டி எழும்பிவிட்டதா என்று பார்ப்பது போல நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை அண்ணை, ஐயா, நான் மூன்று பேரும் பட்டினத்துக்குத் தபால் கந்தோருக்குப் போனோம். கொம்பனிக்குத் தந்தி அடிக்கவேண்டும். அண்ணை சொல்லச் சொல்ல நான் இங்கிலீசில் எழுதினேன். வரமாட்டேன், மன்னிக்கவும், நன்றி. கவுண்டரில் இருந்தவர் பென்சிலை எடுத்துச் சொல் எண்ணத் தொடங்கினார்.

“பொறுங்கோ” என்றார் அண்ணை. “இன்னும் கொஞ்சம் இருக்கு. எழுதும் தம்பி. மொட்டைமாடி ஏசி மெசின் நிண்டால் கீழ்மாடி மலையாளியைக் கேட்கவும்.”

“விசரே உமக்கு?” என்றார் ஐயா. “ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. வரேல்லை எண்டால் விளங்கும்தானே. அவங்கடை மெசின் நிண்டால் உமக்கென்ன?”

“இல்லை மாமா, வெய்யில் தொடங்க அது வழக்கமா நிக்கிறது. ஆரைக் கேக்கிறதெண்டு தெரியாமல் அந்தரப்படுவாங்கள்.”

“உமக்குத் தெரியுமே அதைத் திருத்த?”

“எனக்கோ? எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியமும் நான் அந்த மலையாளியைத்தானே கேக்கிறனான்.”

கவுண்டர்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஐயா தன் சேட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டார். பஹ்ரேனை விட்டுவிட அந்த வீட்டுக்குச் செலவானது, மலையாளியையும் சேர்த்து, நூற்று நாற்பத்திரண்டு ரூபா ஐம்பது சதம்.